பத்தடி அறையில் அம்மாவின் தாலாட்டு

அம்மா பாடும் தாலாட்டை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். மதுரையில் மாடி அறை. லேப்டாப், மைக்கை லேப்டாப்புடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், ஹெட்ஃபோன் வாங்கியாயிற்று. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பதால் அதையே போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் மைக்கில் சத்தமே வரவில்லை. கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் போகவேண்டும், அந்தப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அடுத்தது, பாடினால் என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்டது. தாளமே நிற்கவில்லை. இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டு, பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒருமுறைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள்களின் (ஒலித் துணுக்குகளின்) எண்ணிக்கையை, 1024-லிருந்து 128-க்குக் குறைத்ததும் சரியானது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்ட், 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. பதிவுகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது பஃபரை மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் திணறும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அறைதான் இரண்டு மாதம் படுத்தியது.

நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. நடுவில் நின்று பாடினால் கீழ் ஸ்வரங்களில் ஒன்று மட்டும் குடத்துக்குள் பாடியதுபோல் முழங்கும். மைக்தான் மோசம் என்று நினைத்து வேறு மைக் வாங்கப் போனேன். நல்லவேளை, அதற்குள் காரணம் பிடிபட்டது. பத்தடி இடைவெளியில் சுமார் 56 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்றின் முழக்கமும் அதே ஹெர்ட்ஸில் சேர்கிறது. 112 ஹெர்ட்ஸ் ஆண் குரலின் கீழ்ப்பகுதி. அது மிகப் பலமாக இருக்கும் இடங்களில் ஒன்று சரியாக அறையின் நடு! மைக்கை நடுவிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தேன், பாதி முழக்கம் போய்விட்டது. ஒரு பைசா செலவில்லை.

கை தட்டினால் 'டிரிங்' என்று அதிர்ந்தது வேறு பிரச்சினை. முட்டை அட்டை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன், சொல்லும்படி மாற்றம் இல்லை. கனமில்லாத காகிதக்கூழ் எவ்வளவு சத்தத்தைத்தான் உறிஞ்சும்? பிறகு இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, பக்கச் சுவரில் மடித்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். குரல் கிட்ட வந்து நின்றது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் மன்றாடிச் சொல்வது இதுதான்: மைக்குக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடுவதற்கு முன் வீட்டிலிருக்கும் மெத்தையைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள்.

அம்மாவுக்கு ஹெட்ஃபோனை மாட்டியதும் பாட்டே வரவில்லை. "எனக்கு யாரோ பாடுற மாதிரி இருக்குடா" என்றார். கழற்றிவிட்டேன். இரவு பதினொரு மணி, ஃபேனை நிறுத்தி, பேத்தியை மடியில் போட்டுக் கொடுத்தேன். மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெய்னை (மைக்கின் சத்தத்தைக் கூட்டும் அளவை) வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். 24 பிட் நுணுக்கத்தில் சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம், அளவு மீறி உடைந்த சத்தத்தை ஒட்டவைக்க முடியாது. பதிவில் குழந்தையின் மூச்சும் கேட்கிறது. அதை நான் நீக்கவில்லை.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன், நான் திருச்சி. மிருதங்கத்துக்கு வலந்தலை (வலக்கை) பக்கம் ஒன்று, தொப்பி (இடக்கை) பக்கம் ஒன்று என இரண்டு மைக் வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் அருமை, சேர்த்தால் தொப்பியின் கும்கி (வழுக்கி எழும் அடிநாதம்) மெலிந்துவிடுகிறது. ஒரு டிராக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழை) திருப்பியதும் கனம் திரும்பி வந்தது. ஆனால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடுகிறது. ஃபேன் இல்லை, பார்த்துவிட்டேன்.

* * *

தம்பி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ் வகையறாதான். எனக்கு இரண்டு பின் சார்ஜரில் வந்தது, எர்த் உள்ள மூன்று பின் சார்ஜருக்கு மாறியதும் போய்விட்டது. மாற்றும்வரை பேட்டரியிலேயே வாசியுங்கள்.