"லேசான கேஸ்ட்ரைட்டிஸ்" (இரைப்பை அழற்சி) என்று எண்டொஸ்கொபி றிப்போர்ட், ஆனால் அம்மா படும் பாடு?

வெள்ளவத்தை மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. பல வருடமாக அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குடிக்கிறா. போன கிழமை கமரா விட்டுப் பார்த்தார்கள். "அன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) சிவப்பு, லேசான கேஸ்ட்ரைட்டிஸ், கிருமி (எச். பைலோரி) இல்லை" என்று எழுதியிருக்கிறது. அம்மாவுக்கோ இரண்டு இடியப்பம் சாப்பிட்டாலே வயிறு ஊதிவிடுகிறது. வேறு இடத்தில் திரும்பவும் பார்ப்பதா? சதைத்துண்டு எடுத்தார்கள், முடிவு வரவில்லை.

தெஹிவளை தம்பி:
அக்கா, சீரகத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான்.

ஓய்வுபெற்ற நர்ஸ், கொட்டாஞ்சேனை:
தம்பி, சீரகம் குடிக்கட்டும், கேள்வி அதுவல்ல.

தங்கச்சி, எண்டொஸ்கொபி அறையில் நிறையக் காலம் நின்றவள் நான். கமராவில் தெரியும் சிவப்பை வைத்து மட்டும் கடுமையைச் சொல்ல முடியாது. இரைப்பையின் உட்சவ்வு நன்றாக மெலிந்துபோயும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வயிறு ஊதுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

சரியான கணக்கு சதைத்துண்டில்தான். சிட்னி முறைப்படி ஐந்து துண்டு: அன்ட்ரத்தில் இரண்டு, வளைவில் ஒன்று, இரைப்பையின் நடுப்பகுதியில் இரண்டு. அழற்சி எவ்வளவு, சுரப்பிகள் அழிந்திருக்கிறதா, குடல் மாதிரியான கலங்கள் முளைத்திருக்கிறதா என்று லேப்பில் பார்ப்பார்கள். அதை வைத்து ஓல்கா முறையில் சுரப்பி அழிவுக்கு 0 முதல் 4 வரை படிநிலை போடலாம். 3, 4 என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கமரா என்பது ஐரோப்பிய வழிகாட்டல்.

அப்புறம், கமரா விடும் வரைக்கும் ஒமெப்ரசோல் குடித்தாவா?

வெள்ளவத்தை மகள்:
முதல் நாள் இரவும் குடித்தா, அக்கா. சதைத்துண்டு போட்ட போத்தலும் ஒன்றுதான் கண்டேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ், கொட்டாஞ்சேனை:
அப்படியென்றால் "கிருமி இல்லை" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கிருமியைச் சோதிக்கத் துண்டை வைக்கும் மஞ்சள் ஜெல், கிருமி இருந்தால் இளஞ்சிவப்பாகும். ஒமெப்ரசோல் கிருமியை அடக்கி வைத்தால் மஞ்சளாகவே நிற்கும். வழக்கமாக இரண்டு கிழமை நிறுத்திவிட்டுத்தான் சோதிப்பார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள். மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும், திரும்பக் கமரா தேவைப்படாது.

எல்லாத் துண்டும் ஒரே போத்தலில் போனால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது கஷ்டம். எத்தனை துண்டு, எந்த இடம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மலம் கறுத்தாலோ அம்மா மெலிந்தாலோ றிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.