டேங்க் பிரிண்டர்: சயான் பாதிப் பக்கத்தில் வெளுக்கிறது, மெஜந்தாவில் சில கோடுகள் அச்சாகவில்லை, கிளீனிங் போட்டால் இன்னும் மோசம்

வெள்ளைத்தாள்:

வணக்கம். நான்கு கலர் இங்க் டேங்க் பிரிண்டர். பீசோ ஹெட் (மையைச் சூடாக்காமல், மின்சாரத்தில் அசையும் தகட்டால் துளியைத் தள்ளுவது), நாமே கழற்றி மாற்றுகிற வகை இல்லை. இரண்டு மாதம் ஓடாமல் கிடந்தது. இப்போதைய நிலை இதுதான்.

கறுப்பு நன்றாக வருகிறது. மஞ்சளும் வருவது போலத்தான் தெரிகிறது. சயான் பக்கத்தின் மேலே அடர்த்தியாக ஆரம்பித்து, கால் பக்கம் தாண்டியதும் வெளுத்து, கடைசியில் வெறும் தாள்தான். மெஜந்தாவில் நாசில் செக் (ஹெட்டின் மைத் துளைகளைச் சோதிக்கும் கோட்டு அச்சு) எடுத்தால் ஏழெட்டுக் கோடுகள் இல்லை.

ஹெட் கிளீனிங் விடாமல் ஆறு முறை போட்டாயிற்று. முதல் முறைக்குப் பிறகு இருந்ததைவிட இப்போது மோசம். சயான் டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது, மூன்று நாள் முன்புதான் நிரப்பினேன். வேலை முடிந்ததும் ஸ்விட்ச் போர்டில் அணைப்பதுதான் வழக்கம். இனி பவர் கிளீனிங் (மையை மொத்தமாக இழுத்துவிடும் பெரிய கிளீனிங்) போடலாமா, இல்லை ஹெட்டை சிரிஞ்சு வைத்துக் கழுவ வேண்டுமா?

திருப்புளி:

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கிளீனிங் பட்டனை இனி தொடாதீர்கள். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து போட்டுப் பலன் இல்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் மை, கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடில்தான் போய்ச் சேருகிறது. பேட் நிறைந்ததாகக் கணக்கு முடிந்தால் பிரிண்டர் தானே நின்றுவிடும்.

நீங்கள் சொல்வதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் தெரிகின்றன. சயானுக்கு மை வந்து சேரவில்லை. ஹெட்டுக்குள் இருக்கிற கொஞ்சம் மை தீரும்வரை அச்சாகி, பின்னால் வருவது போதாமல் வெளுக்கிறது. அது அடைப்பின் குணம் இல்லை. அடைத்த நாசில் முதல் வரியிலேயே அடிக்காது, கடைசி வரியிலும் அடிக்காது. மெஜந்தாதான் அடைப்பாக இருக்கலாம்.

உறுதி செய்ய மூன்று சோதனைகள்.

நாசில் செக்கை பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை எடுங்கள், நடுவில் கிளீனிங் போடாமல். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் அதே இடத்தில்தான் கோடு விடுபட்டிருக்கிறது என்றால் அடைப்பு. ஒன்றில் இங்கே, இன்னொன்றில் அங்கே என்று இடம் மாறினால் காற்று. மஞ்சளைக் கண்ணை நம்பி விடாதீர்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு விடுபட்டால் தெரியாது. போன் திரையில் முழு நீலப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டு அறையில் அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடியுங்கள். மஞ்சள் நீல ஒளியை விழுங்குவதால் கோடுகள் கறுப்பாகத் தெரியும், எண்ணிவிடலாம்.

அடுத்தது காற்றுத் துளை. சயான் டேங்கின் மூடியைத் திறந்து வைத்து ஒரே ஒரு பக்கம் முழு சயான் அடியுங்கள். வெளுக்காமல் வந்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மை வெளியேறிய இடத்தைக் காற்று நிரப்ப முடியாமல் உள்ளே வெற்றிடம் இழுக்கிறது. பார்த்தவுடன் மூடிவிடுங்கள், தூசி விழக்கூடாது.

கடைசியாக கேப்பிங். ஹெட் ஓய்வாக நிற்கிற இடத்தில், வலது ஓரத்தில், ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதுதான் கேப். உள்ளே ஸ்பாஞ்ச். பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் நடுவுக்கு நகர்ந்ததும் பிளக்கை உருவினால் கேப் வெளியே தெரியும். அதில் டிஸ்டில்டு வாட்டரை சொட்டுச் சொட்டாக விளிம்புவரை நிரப்புங்கள். மறுபடி ஆன் செய்து ஒரு கிளீனிங் மட்டும் ஓடவிட்டு, முன்பு போலவே ஹெட்டை நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் போயிருந்தால் பம்ப் இழுக்கிறது. தேங்கி நின்றால் இதுவரை நீங்கள் போட்ட ஆறு கிளீனிங்கும் ஹெட்டிலிருந்து எதையும் இழுக்கவே இல்லை.

வெள்ளைத்தாள்:

பார்த்துவிட்டேன். மெஜந்தாவில் மூன்று தாளிலும் அதே எட்டுக் கோடுகள் இல்லை. சயானில் முதல் தாளில் ஐந்து, அடுத்ததில் பதினொன்று, மூன்றாவதில் ஒன்பது, இடமும் மாறுகிறது. நீல வெளிச்சத்தில் பார்த்தபோது மஞ்சளிலும் இரண்டு கோடு இல்லை! மூடியைத் திறந்தும் சயான் வெளுக்கிறது. கேப்பில் விட்ட தண்ணீர் அப்படியே நிற்கிறது, லேசாகக் கலங்கியிருக்கிறது. ரப்பர் விளிம்பில் ஒரு பக்கம் கறுப்பாகக் கட்டி தட்டி, நடுவில் ஒரு முடியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மைத்துளி:

அந்த முடியும் கட்டியும்தான் பாதிக் காரணம். கேப்பின் விளிம்பு ஹெட்டின் அடியில் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அழுந்தினால்தான் பம்ப் மையை இழுக்கும். முடி அளவு சந்து இருந்தாலும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். ஓய்வில் இருக்கும்போது நாசில் காய்வதும் அந்தச் சந்து வழியேதான். ஸ்விட்ச் போர்டில் அணைப்பதும் இதோடு சேர்ந்த விஷயம். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால் ஹெட் கேப்பின் மேல் வந்து உட்கார்ந்த பிறகே அணையும். கரண்டை வெட்டினால் ஹெட் எங்கே நின்றதோ அங்கேயே திறந்தபடி நிற்கும், மயிரிழையை விட மெல்லிய துளைகளில் மை காய ஆரம்பிக்கும்.

எனவே முதலில் கேப், அடுத்து சயானின் காற்று, கடைசியில் மெஜந்தா அடைப்பு. கேப் இழுக்காத நிலையில் மற்ற இரண்டையும் சரிசெய்தால் நாலு நாளில் திரும்ப வந்துவிடும்.

கேப்புக்கு: பஞ்சு நார் விடாத துணியை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து விளிம்பை நான்கு பக்கமும் துடையுங்கள். நகத்தாலோ ஊசியாலோ சுரண்டாதீர்கள். ரப்பரில் கீறல் விழுந்தால் பிறகு கேப்பையே மாற்ற வேண்டியதுதான். ஸ்பாஞ்சில் சூடான டிஸ்டில்டு வாட்டர் ஒரு மி.லி. விட்டு 15 நிமிடம் ஊறவிட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். டிஷ்யூவில் கருமை படியாமல் வெளிறிய சாயம் மட்டும் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பக்கத்தில் நிற்கும் ரப்பர் வைப்பரையும் இரு பக்கமும் துடையுங்கள். அதில் காய்ந்த மை இருந்தால் ஒவ்வொரு கிளீனிங்கும் அதை நாசில் தட்டின் மேலேயே பூசிவிட்டுப் போகும்.

அதன் பின்னும் தண்ணீர் இறங்காவிட்டால் கேப்பின் அடியில் பாருங்கள். ஒரு மெல்லிய டியூப் கேப்பிலிருந்து பம்புக்குப் போகும். அது கழன்று கிடப்பது அடிக்கடி நடப்பது. டியூப் மாட்டியே இருந்தால் உள்ளே மை காய்ந்திருக்கிறது. 5 மி.லி. சிரிஞ்சில் சின்ன சிலிகான் டியூப் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை கேப்பின் வடிகால் துளை வழியே மெதுவாக உள்ளே விட்டு, அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். பம்ப் என்பது உருளை ஒன்று டியூப்பை நசுக்கிக்கொண்டே சுற்றுவதுதான். அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் அடைப்புதான்.

திருப்புளி:

சயானுக்கு நான் சொல்கிறேன். டேங்க் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனபோது டியூப்பில் காற்று ஏறியிருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். டேங்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் தட்டையான டியூப் கற்றையில் சயான் மட்டும் இடையிடையே வெள்ளையாகத் தெரியும். சில பழைய மாடல்களில் டேங்கின் பக்கத்தில் டியூப்பை அழுத்தி மூடும் லாக் உண்டு. அது அச்சிடும் நிலையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அதை மறந்துவிட்டு ஹெட்டையே கழற்றியவர்கள் உண்டு.

ஹெட்டின் மேல் மூடியைத் திறந்தால் ஒவ்வொரு டியூப்பின் முடிவிலும் டாம்பர் என்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டி செருகியிருக்கும். சயான் டாம்பரை மட்டும் நேர் மேலே உருவுங்கள், கீழே டிஷ்யூ விரித்துவிட்டு. அதன் மைத்துளையில் சிரிஞ்சை டியூப் மாட்டிப் பொருத்தி, பிஸ்டனை மெல்ல இழுங்கள். 2 மி.மீ. உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள டியூப்பில் சுமார் 3 மி.லி. மைதான் நிற்கும். 5 மி.லி. இழுத்தால் பழைய காற்று முழுக்க வெளியே வந்துவிடும். முதலில் நுரையாக வரும், பிறகு விட்டுவிட்டு, அதன் பின் குமிழி இல்லாமல் ஒரே சீராக. அங்கே நிறுத்துங்கள். பிஸ்டன் கனமாக இழுத்து, விட்டால் திரும்பிப் போகிறது என்றால் டாம்பருக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கிறது, அதை மாற்றுங்கள். லேசாக இழுக்கிறது ஆனால் காற்று மட்டும் நிற்காமல் வருகிறது என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மை வேகமாக வரட்டும் என்று டேங்கைத் தூக்கி ஹெட்டுக்கு மேலே வைக்காதீர்கள். டேங்க் தாழ இருப்பதால்தான் நாசிலில் மை லேசாகப் பின்னால் இழுபட்டு, சொட்டாமல் நிற்கிறது. உயர்த்தினால் மை தானாக வழிந்து கேப் நிரம்பி, கலர்கள் ஒன்றோடொன்று கலக்கும். இடம் மாற்றும்போது பிரிண்டரைச் சாய்த்துத் தூக்கினாலும் இதே கதிதான்.

சொட்டுநீர்:

மெஜந்தா, மஞ்சள் இரண்டுக்கும் சிரிஞ்சை எடுக்கும் முன் ஊறவைத்துப் பாருங்கள். எட்டுக் கோடுகள் என்பது பெரிய அடைப்பு இல்லை. டிஷ்யூவை ஹெட்டின் அகலத்துக்கு நாலாக மடித்து, ஹெட் ஓடும் பாதையில் வைத்து, கிளீனிங் திரவத்தால் நனையுங்கள். ஊற வேண்டும், ஓடக் கூடாது. முன்பு போலவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹெட்டைக் கையால் மெதுவாக நகர்த்தி அதன் மேல் நிறுத்தி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் டிஷ்யூவை எடுத்துப் பார்த்தால் நாசில் வரிசைகள் மெல்லிய கலர் கோடுகளாகப் பதிந்திருக்கும். மெஜந்தா கோட்டில் எங்கே வெளிறியிருக்கிறதோ அங்கேதான் இன்னும் அடைப்பு.

திரவம் விஷயத்தில் கவனம். உங்கள் கலர் மைகள் டை வகை என்றால் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரே போதும், டை தண்ணீரில் கரைவது. பிக்மென்ட் மை தண்ணீரில் மிதக்கும் துகள். காய்ந்தால் சுலபத்தில் கரையாது, அதற்கென்று விற்கும் ஹெட் கிளீனர்தான் நல்லது. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு நாசிலிலேயே படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் பற்றிப் பல வீடியோக்கள் சொல்கின்றன. அது வேகமாகக் காயும், பிக்மென்ட் மையைத் திரித்துக் கட்டியாக்கும், ரப்பரையும் கெடுக்கும். பீசோ ஹெட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டை மையும் பிக்மென்ட் மையும் ஒரே டேங்கில் கலந்தாலும் இதேபோலத் திரிந்து அடைக்கும், மை மாற்றும்போது பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஊறவைத்தும் போகாவிட்டால் மட்டும் சிரிஞ்சு. மெஜந்தா டாம்பரை எடுத்துவிட்டு, ஹெட்டின் மெஜந்தா முனையில் சிலிகான் டியூப்பை மாட்டி, 2 மி.லி. திரவத்தை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு விடுங்கள். ஒரு விரலின் அழுத்தம் போதும். இறங்காவிட்டால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பீசோ ஹெட்டின் உள்ளே மெல்லிய அடுக்குகள் ஒட்டவைக்கப்பட்டவை. வேகமாகத் தள்ளினால் ஒட்டு பிரிந்து மெஜந்தா பக்கத்துக் கலருக்குள் போகும், அதற்கு வைத்தியம் இல்லை. ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் கேபிள் முனையில் ஒரு துளியும் படக்கூடாது. ஈரத்தோடு ஆன் செய்தால் ஹெட்டும் போகும், போர்டும் போகும்.

இதைப் படிக்கும் தெர்மல் ஹெட் வைத்திருப்பவர்களுக்கு: எச்பி, கேனன் வீட்டுப் பிரிண்டர்களில் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் துளியைத் தள்ளும் ஹெட். மைதான் அந்த ஹீட்டரைக் குளிர்விக்கவும் செய்கிறது. மை வராத நிலையில் பக்கம் பக்கமாக அடித்தால் ஹீட்டர் எரிந்து, அந்த நாசில் நிரந்தரமாகப் போய்விடும். கலர் வெளுக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் என்றால் வேலை எளிது. வெந்நீரில் நனைத்து மடித்த டிஷ்யூவின் மேல் நாசில் பக்கம் கீழாக ஐந்து நிமிடம் வைத்து, பிறகு காய்ந்த டிஷ்யூவில் ஒற்றினால் மூன்று கலர்ப் பட்டைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ரீஃபில் செய்ததில் மேலே உள்ள காற்றுத் துளையை டேப் ஒட்டி மூடியிருந்தால் அதுவும் மையை நிறுத்தும்.

வெள்ளைத்தாள்:

நன்றி. கேப்பைத் துடைத்து, ஸ்பாஞ்சை நாலு முறை ஊறவைத்து ஒற்றியதும் தண்ணீர் ஒரே கிளீனிங்கில் இறங்கிவிட்டது. சயான் டாம்பரில் 5 மி.லி. இழுத்தேன், முதல் 2 மி.லி. முழுக்க நுரை. ஒரு இரவு டிஷ்யூவில் விட்டதில் மஞ்சள் முழுசாக வந்துவிட்டது. மெஜந்தாவில் எட்டில் ஆறு கோடு திரும்பியது, இரண்டு மட்டும் அதே இடத்தில் இல்லை. இனி பவர் கிளீனிங்?

மைத்துளி:

வேண்டாம், இரண்டு கோடுக்கு அது அதிகம். பவர் கிளீனிங் டியூப்பில் இருக்கும் மையையே வெளியே இழுத்துவிடும். டேங்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக மை இருக்கும்போது போட்டால் சயானில் மறுபடி காற்று ஏறும். பிரிண்டரை 12 மணி நேரம் பவர் பட்டனில் அணைத்து வையுங்கள். கேப்பின் ஈரத்திலேயே மீதி மை இளகும், டியூப்பில் மிச்சம் இருக்கும் சின்னக் குமிழிகளும் மேலேறி ஒன்று சேரும். பிறகு முழு மெஜந்தா பக்கம் ஒன்று, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. அடுத்து நாசில் செக். அந்த இரண்டும் வராவிட்டால் டிஷ்யூ ஊறலை மறுபடி ஒரு இரவு, அவ்வளவுதான்.

திருப்புளி:

சயானையும் முழு ஏ4 பக்கம் ஒன்று அடித்து, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்து ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் மை சரியாக வந்துகொண்டிருக்கிறது. கீழ் ஓரம் கொஞ்சமாவது வெளிறியிருந்தால் டாம்பரைத்தான் சந்தேகப்படுவேன்.