பொருள்: லேட்டன்சிக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

ந.க. எழுதியது:

அன்பர்களே, ஒரு திறமூல ஒலிப்பதிவு மென்பொருளின் உதவிப் பக்கங்கள் வெள்ளிக்கிழமை பூட்டப்படுகின்றன. டிஜிட்டல் பியானோவை வீட்டுக் கணினியோடு இணைக்கும் அத்தியாயத்தில் லேட்டன்சி மட்டும் நிற்கிறது. யூஎஸ்பி, மிடி (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று கருவி கணினிக்குச் சொல்லும் முறை), டிரைவர் ஆகியவை அப்படியே, பஃபர் (ஒலித் தரவு சேர்ந்து நிறையும் தற்காலிக இடம்) 'இடையகம்'. கட்டையை அழுத்திய கணத்துக்கும் ஒலி காதில் விழும் கணத்துக்கும் நடுவே கழியும் நேரத்துக்கு ஒரு சொல் தாருங்கள். 'தாமதம்' வேண்டாம். எதிரொலிபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலே எஃபெக்டுக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது. இரண்டும் ஒரே திரையில், இரண்டும் மில்லிநொடியில்.

சி.த. எழுதியது:

சுணக்கம். இலங்கையில் பேருந்து பிந்தினாலும் கடிதம் பிந்தினாலும் இதுதான் சொல். புதிதாக ஆக்க ஒன்றுமில்லை.

புலவர் இரா. எழுதியது:

> சுணக்கம்

தமிழ்நாட்டில் 'பணிகளில் சுணக்கம்' என்றால் மெத்தனம், ஐயா. சங்கப் பாடல்களில் சுணங்கு என்பது மகளிர் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளி. வேங்கைப் பூந்தாதோடு ஒப்பிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே வேரா என்பதைத் தனியே ஆராய வேண்டும். சுணங்குதல், சோர்தல், நிறம் மங்கல் என்று ஒரு வரிசை எனக்குத் தோன்றுகிறது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். 'தாமத'மோ தாமத குணத்தின் வழி வந்த வடசொல். டிலேவுக்கும் அதைக் கொடுத்திருக்கக் கூடாது. குறள் 605-இல் 'நெடுநீர்' இருக்கிறது. காலம் நீட்டிக்கும் இயல்பு. எடுத்துக்கொள்ளலாமே?

மு. எழுதியது:

> நெடுநீர்

அந்தக் குறளில் அதன் கூட்டாளிகள் மறவி, மடி, துயில். மூன்றும் மனிதக் குணங்கள். இடையகத்துக்குச் சோம்பல் கிடையாது. நிறையும்வரை காத்திருக்கிறது, அவ்வளவே. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) என்ற வீதத்தில் 128 மாதிரி நிறைய 2.9 மில்லிநொடி, 256-க்கு 5.8, 512-க்கு 11.6, 1024-க்கு 23.2. ஒலிச் செயலாக்கம், வன்பொருள் ஆகியவற்றின் நேரம் இதற்கு மேல் சேரும். மொத்தம் 10 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். 20-ஐத் தாண்டினால் விரல் தடுமாறும்.

பழைய ஐந்து ஊசி மிடி கேபிளில் இன்னொன்றும் உண்டு. 1983-இன் அந்தத் தரத்தில் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிநொடி. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். பத்து விரலையும் ஒருசேர அழுத்தினால், முதல் சுரத்துக்கும் கடைசிச் சுரத்துக்கும் 6 முதல் 9 மில்லிநொடி இடைவெளி விழும். யூஎஸ்பியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எந்தச் சொல்லை வைத்தாலும் வரைவின் நான்காம் படியைத் திருத்துங்கள். 'ஒலி பிந்தினால் இடையகத்தைக் குறைக்கவும்' என்பது பாதிதான். விண்டோஸில் பொது டிரைவரை விட்டு ஆசியோ என்ற, ஒலிப்பதிவுக்கென்றே அமைந்த டிரைவருக்கு மாறாமல் எண்ணை மட்டும் குறைத்தால் பெரும்பாலும் வெடிப்பொலிதான் மிஞ்சும். வாசித்துப் பதியும்போது 128. பதிந்து முடித்துக் கலவை செய்யும்போது 1024.

புலவர் இரா. எழுதியது:

குணம் என்பதால் மறுப்பதானால் காலஅளவுக்கே வருவோம். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்றார் தொல்காப்பியர். லேட்டன்சி 'இடைமாத்திரை' ஆகட்டும்.

மு. எழுதியது:

கண்ணிமைக்கவே சுமார் 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அவ்வளவு லேட்டன்சி புளூடூத் ஹெட்போனில்தான் வரும், அதற்கு எந்த அமைப்பும் மருந்தில்லை. கம்பி ஹெட்போனைச் செருகச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் வாசகர் தண்ணீர் கேட்பார் என்பது வேறு.

வெ. எழுதியது:

'பிந்தல்' ஏன் ஆகாது? கூட்டுச்சொல்லில் வைத்துப் பாருங்கள். வெளியே போன ஒலி உள்ளே திரும்பும்வரை ஆகும் நேரம் 'சுற்றுப் பிந்தல்'. லைன் அவுட்டையும் லைன் இன்னையும் ஒரே கேபிளால் இணைத்து, ஒரு டிக் ஒலியை இயக்கிப் பதிந்து, இரண்டுக்கும் நடுவே மாதிரிகளை எண்ணினால் கிடைப்பது. 441 மாதிரி என்றால் 10 மில்லிநொடி. மென்பொருளில் அதைச் சரிக்கட்டுவது 'பிந்தல் ஈடு'. வினையும் உண்டு: ஒலி பிந்துகிறது.

சி.த. எழுதியது:

சுணக்க ஈடு, சுற்றுச் சுணக்கம், ஒலி சுணங்குகிறது. எது குறைந்தது? 'பிந்தல்' இரண்டு நிகழ்வில் எது பின்னால் என்று சொல்கிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

வெ. எழுதியது:

நிலைப்பட்டையில் 'சுணக்கம் 23 மி.நொ.' என்று வந்தால், கணினி மெத்தனமாக இருக்கிறது என்று தமிழ்நாட்டுப் பயனர் நினைப்பார்.

மு. எழுதியது:

நினைக்கட்டும், உண்மைதானே. ஒரு கிளைக் கேள்வி: ஒரே கட்டைக்கு இரண்டு முறை ஒலி கேட்கிறது என்று வரும் புகாருக்கு எந்தச் சொல்? அது லேட்டன்சிக் குறை அல்ல. பியானோ தானும் ஒலிக்கிறது, மென்பொருளும் அதே சுரத்தைத் திருப்பி ஒலிக்கிறது. பியானோவில் லோக்கல் கன்ட்ரோலை, அதாவது கட்டையை அழுத்தினால் அது தானே ஒலிக்கும் அமைப்பை, அணைக்க வேண்டும். மிடி கட்டுப்பாட்டு எண் 122. அல்லது மென்பொருளின் கண்காணிப்பொலியை (வாசிக்கும்போதே அது திருப்பி ஒலிப்பதை) நிறுத்திவிட்டுப் பியானோவின் சொந்த ஒலியையே கேட்கலாம். வாசிக்கும்போது பிந்தலே தெரியாது. வரைவில் இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பியிருக்கிறார்கள்.

ந.க. எழுதியது:

பத்தியைப் பிரித்துவிட்டேன், நன்றி. லோக்கல் கன்ட்ரோலுக்குத் 'தன்னொலி' என்று இப்போதைக்கு எழுதுகிறேன்: 'தன்னொலியை அணைக்கவும்'. லேட்டன்சிக்குச் சுணக்கம் மூன்று, பிந்தல் இரண்டு, நெடுநீர் ஒன்று. தனிமடலில் வந்தவையும் சேர்த்து. முதல் இடத்தில் 'லேட்டன்சி எனப்படும் சுணக்கம்' என்றும் அப்புறம் 'சுணக்கம்' என்றும் போகிறது.

புலவர் இரா. எழுதியது:

என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். 'தன்னொலி'க்கும் மறுப்புண்டு: பியானோவின் ஒலி முழுவதும் தன்னொலிதான், அணைப்பது கட்டைக்கும் ஒலியாக்கிக்கும் உள்ள உள்ளிணைப்பை. சுணங்கு பற்றிய கட்டுரை நாளை.