புதிதாக ஞானஸ்நானம் பெற்றவன், தேவசகாயம் தடத்தில் தனியாக பைக்கில்: வழி, பூசை, தங்கல் பற்றி

கேட்டவர்: திருச்சி_புதுசு

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். இந்த வருடம் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், புதுநன்மை மூன்றும் பெற்றேன். எடுத்த பெயர் தேவசகாயம், 1752-ல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட குமரிப் புனிதர் பெயர். அக்னி நட்சத்திரம் முடிந்து மழை பிடிப்பதற்குள் தனியாக பைக்கில் (150 சிசி, டியூப்லெஸ் டயர்) ஒரு திருப்பயணம் போக வேண்டும்.

போட்டு வைத்திருக்கும் திட்டம்: திருச்சி, ஏலாக்குறிச்சி, பூண்டி, வேளாங்கண்ணி, ஓரியூர், இடைக்காட்டூர், காமநாயக்கன்பட்டி, தூத்துக்குடி பனிமய மாதா, மணப்பாடு, வடக்கன்குளம், காற்றாடிமலை, கோட்டாறு. பிறகு நான்குவழிச் சாலையில் திரும்பி விடுவது. கையில் நான்கு நாள் இருக்கிறது.

கேள்விகள் மூன்று. ஒன்று, இந்த வரிசை சரியா? இரண்டு, ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக் தாங்குமா? மூன்று, தெரியாத ஊர்க் கோயில்களில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யவும் நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கவும் ஞானஸ்நானச் சான்றிதழ் காட்ட வேண்டுமா? ஞானஸ்நானத்துக்கு முன் செய்ததையெல்லாம் சொல்ல வேண்டுமா?

தக்கலை_பக்கம்

தம்பி, முதலில் வாழ்த்துகள். நீங்கள் எழுதியிருப்பது மூன்று பயணங்கள். போக வர 1000 கிலோமீட்டரைத் தாண்டும். நான்கு நாளில் ஒவ்வொரு கோயில் வாசலிலும் வண்டியை நிறுத்தி, மெழுகுவர்த்தி கொளுத்தி, படம் எடுத்துக்கொண்டு ஓடத்தான் நேரம் இருக்கும். ஏலாக்குறிச்சி, பூண்டி, வேளாங்கண்ணி மூன்றும் திருச்சிக்காரருக்குப் பக்கத்து ஊர்கள். பஸ்ஸிலேயே எப்போதும் போகலாம். ஓரியூர் அருளானந்தருக்கு (1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டவர்) அவர் திருநாளை ஒட்டிப் போங்கள், அப்போது வெயிலும் குறைவு. இந்தத் தடவை உங்கள் பெயர்ப் புனிதரை மட்டும் பின்தொடருங்கள். அவரும் பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர்தான். புதிதாக வந்தவருக்கு அவரைவிட நெருக்கமான துணை இந்த நாட்டில் இல்லை என்பது என் திடமான எண்ணம்.

வழியை மேப் வரிசையில் போடாமல் அவர் வாழ்க்கை வரிசையில் போடுங்கள். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வடக்கிலிருந்து வரும்போது காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழி வந்துவிடும், முதலில் காற்றாடிமலையில் ஏறிவிடுவார்கள். அவர் இறந்த இடத்தைப் பார்த்த பிறகு பிறந்த வீட்டுக்குப் போனால் மனம் ஒட்டாது. அன்று நேராக நாகர்கோவில் வந்து படுங்கள். அங்கேயே இரண்டு இரவு தங்கினால் மூட்டையைக் கட்டி அவிழ்க்கும் வேலையும் இல்லை.

மறுநாள் காலை மேற்கே, மார்த்தாண்டம் பக்கம் நட்டாலம். 1712 ஏப்ரல் 23-ல் நீலகண்டனாக அவர் பிறந்த ஊர். திங்கட்கிழமை தவிர மற்ற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து பத்மநாபபுரம் அரண்மனை, அதற்குத் திங்கள் விடுமுறை. மதியமும் சிறிது நேரம் பூட்டுவார்கள். மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் அவர் அதிகாரியாக வேலை பார்த்தது அங்குள்ள நீலகண்டசாமி கோயிலில். அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தால்தான் எதை விட்டுவிட்டு வந்தார் என்று புரியும். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. அடுத்தடுத்து இழப்புகளால் நொந்திருந்த நீலகண்டனிடம் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் அவர். யோபு ஆகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை அந்தக் கல்லறைப் பக்கம் உட்கார்ந்து வாசியுங்கள், பத்து நிமிடம் போதும்.

கோட்டைக்கு அருகே புலியூர்க்குறிச்சி, முட்டிடிச்சான் பாறை. கைதான பிறகு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனபோது, தாகத்தில் அவர் முழங்கையால் இடித்த இடத்தில் நீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. பாறையில் சின்னக் குழிதான். பெரிய பாட்டிலை முக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், அடியில் கிடக்கும் மண் கலங்கிப் பின்னால் வருபவருக்குச் சேறுதான் கிடைக்கும். சிறு டம்ளரால் மேலாக அள்ளி ஊற்றிக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் பெருவிளை, அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்த இடம். அன்றைக்கு இவ்வளவு போதும்.

அடுத்த நாள் விடிவதற்கு முன் கிளம்பி வடக்கன்குளம் காலைப் பூசைக்குப் போங்கள். 1745 மே 14-ல் சேசு சபைக் குரு புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊர். கால வரிசையில் இது நட்டாலத்துக்கும் புலியூர்க்குறிச்சிக்கும் நடுவே வர வேண்டும். ஆனால் அது கிழக்கே, இவை மேற்கே. ஒரே நாளில் போய் வந்தால் உச்சிவெயில் முழுக்க ரோட்டில் கழியும். அதனால் இந்த ஒன்றை மட்டும் மாற்றி வைத்தேன். பூசை முடிந்ததும் ஃபாதரிடம் சொல்லி, ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்க விரும்புவதாகக் கேளுங்கள். முதல் நாளே பங்கு ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தால் நல்லது, பூசை முடிந்ததும் அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். பாஸ்கா மெழுகுவர்த்தியில் ஏற்றிய உங்கள் திரி மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறையும் இந்த ஊரில்தான், அதைத் தவறவிடாதீர்கள். கணவருக்குப் பின் அதே விசுவாசத்துக்கு வந்த அந்த அம்மாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

அங்கிருந்து காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 இரவில் சுட்டுக் கொன்ற இடம். மேலே மணியடிச்சான் பாறை இருக்கிறது. சிறு கல்லால் தட்டினால் வெண்கலம் போல ஓசை வரும். கூழாங்கல் அளவு போதும். பெரிய கல்லை ஓங்கிப் போட்டால் பாறை பொரியும். மெழுகுவர்த்தி இங்கே நிற்காது, ஏற்றினால் கண்ணாடிக்கூண்டுக்குள் ஏற்றுங்கள்.

கடைசியாகக் கோட்டாறு சவேரியார் பேராலயம், அவருடைய கல்லறை. அங்கே அடுத்த வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டீசல்_வாசம்

வண்டி பற்றி மட்டும் சொல்கிறேன்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அந்தக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. 150 சிசி வண்டி தாராளமாகத் தாங்கும். விழுத்துவது பெரும்பாலும் மூட்டைதான். பின் சீட்டில் உயரமாகப் பையைக் கட்டினால் அது பாய்மரம் ஆகிவிடும். கனமானதை இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், இடமும் வலமும் ஒரே எடையில். தார்ப்பாய் நுனி, பை வார் எதுவும் தொங்கக் கூடாது, பறந்து போய்ச் செயினில் சிக்கும்.

வேகத்தை 50-க்குள் வையுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் உங்கள் கை நடுக்கமே வண்டியை ஆட்டும். கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பைச் சற்றுக் குனியுங்கள். லாரியை முந்தும்போதுதான் உண்மையான ஆபத்து. லாரியின் மறைவில் காற்று நின்றுபோகும், வண்டி தானாகக் காற்றடித்த பக்கம் சாயும். மூக்கைத் தாண்டியதும் மொத்தக் காற்றும் ஒரே அடியில் வந்து தள்ளும். கணவாய்க்குள் முந்தவே வேண்டாம். காலையில் காற்று பொதுவாகக் குறைவு, அதனால் மேலே சொன்ன மாதிரி அந்தப் பக்கத்தைக் காலையில் முடிப்பது நல்லது.

மணப்பாட்டை விட மனசு வராவிட்டால் (1542-ல் வந்த சவேரியார் தங்கிய கெபியும் (குகையும்), கடல் ஓரத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறும் பார்க்க வேண்டியவைதான்) கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குங்கள். திருச்செந்தூர் தாண்டியதும் தேரி மணல் ரோட்டில் ஏறிக் கிடக்கும். அதன் மேல் முன் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கி நீங்கள் கீழே. மணல் தெரிந்தால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, பிரேக் தொடாமல் நேராகக் கடந்து போங்கள். கோயில் பக்கம் நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாண்ட் மணலுக்குள் இறங்கி வண்டி சாயும். திரும்பியதும் செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். மணலோடு சேர்த்து எண்ணெய் விட்டால் அது உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஸ்ப்ராக்கெட்டைத் தின்னும். மற்றபடி 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போதும்.

கூட எடுக்க வேண்டியது: பஞ்சர் ஒட்டும் திரி ஐந்தாறு, ஊசி, கைப்பம்பு, ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஃப்யூஸ். கேபிளைப் பழையதோடு சேர்த்தே ஓட்டிக் கட்டி வைத்தால் அறுந்ததும் ரோட்டோரத்திலேயே மாற்றலாம். டயர் காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, ஓர வழியில் போங்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை நிழலே கிடையாது. 11 முதல் 3 மணி வரை ஓட்ட வேண்டாம், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானத்தாய்

தம்பி கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் மறைக்கல்வி எடுப்பவள்.

நன்மை வாங்க எந்த ஊரிலும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கும் தேவையில்லை. ஞானஸ்நானத்துக்கு முன் செய்த பாவம் எதையும் சொல்லத் தேவையே இல்லை. அந்தத் தண்ணீரிலேயே அது மன்னிக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் எடுத்துச் சொல்வது பணிவு மாதிரித் தோன்றும், ஆனால் ஞானஸ்நானம் செய்ததை நம்பாமல் இருப்பதுதான் அது. பாஸ்கா இரவுக்குப் பிறகு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் "ஃபாதர், எனக்கு இந்த வருடம்தான் ஞானஸ்நானம், முறை சரியாகத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் அவரே வழிநடத்துவார். திருவிழா நாளிலும் பூசை தொடங்கும் நேரத்திலும் போய் நிற்காதீர்கள், அவசரத்தில்தான் முடியும்.

நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. விடியற்காலைப் பூசைக்கு வண்டியில் போகும்போது ரோட்டோர டீயை இந்தக் கணக்கில் மறந்துவிடுவார்கள். ஒரே நாளில் இரண்டாவது தடவை நன்மை வாங்கலாம், அந்த இரண்டாவது பூசையில் முழுவதும் கலந்துகொண்டிருந்தால் மட்டும்.

குமரி மாவட்டத்தில் இன்னொன்று கவனிக்க வேண்டும். லத்தீன் முறைக் கோயில்களோடு மலங்கரை, மலபார் முறைக் கத்தோலிக்கக் கோயில்களும் நிறைய உண்டு. அங்கே ஞாயிறு பூசை கண்டாலும் கடன் தீரும், நன்மையும் வாங்கலாம். ஆனால் அங்கே அப்பத்தை இரசத்தில் தோய்த்து நாக்கில் வைப்பது வழக்கம், கையை நீட்டாதீர்கள். சி.எஸ்.ஐ. கோயில்களும், திருவிதாங்கோட்டு அரப்பள்ளியும் (அது ஆர்த்தடாக்ஸ் சபையினுடையது, தோமையாரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய கற்கோயில்) போய் ஜெபிக்கலாம், நன்மைக்கு மட்டும் வரிசையில் நிற்க வேண்டாம்.

இன்னொரு யோசனை. ஒருவருடைய ஞானஸ்நான ஆண்டுநாளில் வாக்குறுதிகளைப் புதுப்பித்தால் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்குவது) உண்டு: பாவசங்கீர்த்தனம், நன்மை, பாப்பரசர் கருத்துக்காக ஜெபம், பாவத்தின் மேல் பற்றில்லாத மனம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு. இப்போதே அவசரப்படாமல் அடுத்த வருடம் அந்தத் தேதியில் வடக்கன்குளம் போவதையும் யோசியுங்கள்.

திருச்சி_புதுசு

எல்லோருக்கும் நன்றி. பழைய பாவம் பற்றிச் சொன்னது பெரிய பாரத்தை இறக்கியது அக்கா. நட்டாலம் முதல் கோட்டாறு வரை மட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். தனி ஆளுக்கு லாட்ஜில் ரூம் தர யோசிப்பார்கள் என்கிறார்களே, என்ன செய்வது?

தக்கலை_பக்கம்

யோசிப்பார்கள், அதுவும் இரவு 9-க்கு மேல் போய் நின்றால். பகலிலேயே போய் ஆதாரைக் காட்டி ரூம் எடுங்கள், அட்டை பழைய பெயரில் இருந்தாலும் அந்தப் பெயரையே எழுதுங்கள். புதுப் பெயரை அங்கே சொன்னால் அட்டையோடு ஒத்துவராமல் கேள்வி வரும். கிளம்பும் முன் உங்கள் பங்குத்தந்தையிடம் அரைப் பக்கக் கடிதம் வாங்குங்கள்: உங்கள் இரண்டு பெயரும், ஞானஸ்நானத் தேதியும், திருப்பயணம் போகிறார் என்ற ஒரு வரியும், பங்கு முத்திரையும், அவர் போன் நம்பரும். கன்னியர் மடங்களிலும் பங்கு இல்லங்களிலும் இடம் கேட்க இது உதவும். இரண்டு நாள் முன்னால் போன் செய்து கேளுங்கள், வாசலில் வந்து நின்று கேட்டால் அவர்களுக்கும் சங்கடம். கொடுக்கும் இடத்தில் காணிக்கை வைத்துவிட்டு வாருங்கள்.

வார நாள் பூசை நேரம் பல பங்குகளில் காலை 5.30-க்கும் 6.30-க்கும் நடுவே இருக்கும், ஆனால் துணைக் கோயிலுக்கு ஃபாதர் போகும் நாளில் மாறும். வடக்கன்குளத்துக்கு முந்தின நாள் மாலையே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.