கலைச்சொல்: லாயக் குதிரையின் ‘கெட்ட பழக்கத்துக்கு’ என்ன பெயர் வைப்பது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அடைபட்ட விலங்குகள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்கும் ‘ஸ்டீரியோடைப்பி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பதிவுக்காக இதுவரை மூன்று தமிழ்ப் பரிந்துரைகள் வந்திருக்கின்றன: லாயக் குற்றம், ஒரேமாதிரி நடத்தை, மீள்நடத்தை. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், அகராதியை மூடிவைத்துவிட்டு ஒரு முறை லாயத்துக்குள் போய்வரலாம்.

நான் நெடுநாள் கவனித்துவந்த பெட்டைக் குதிரை ஒன்று. எங்கோ தீவன வாளி உருளும் சத்தம் கேட்டால் போதும், அரைக்கதவின் மேல்விளிம்பை முன்பற்களால் கவ்விக்கொள்ளும். கழுத்தின் அடிப்பக்கத் தசைகள் புடைத்துக்கொள்ளும். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும். விடும், விளிம்பை நக்கும், மறுபடி கவ்வும். அந்தக் கதவின் மரம் பிறை வடிவத்தில் குழிந்துபோயிருந்தது. அந்தக் குதிரையின் மேல்வரிசை முன்பற்களும் சாய்வாகத் தேய்ந்திருந்தன. பக்கத்து அறையில் இருந்தது வேறு ரகம். முன்கால்களில் எடையை மாற்றி மாற்றிப் போட்டு, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நிற்கும். அதற்கும் அடுத்ததோ அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால், அது நடந்த வழியில் மட்டும் வைக்கோல் விலகி, வட்டமாகத் தரை தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பெயரைத்தான் தேடுகிறோம். திரும்பத் திரும்ப வரும், வடிவம் மாறாது, வெளியிலிருந்து பார்த்தால் நோக்கம் எதுவும் தெரியாது.

இனி ‘லாயக் குற்றம்’. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இப்படித்தான் ‘தீய பழக்கம்’ என்ற பொருளில் அழைத்துவந்தார்கள். குற்றம் என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும். இங்கே அது யார்? திறந்தவெளியில் திரியும் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட மேய்கிறது. அதன் வயிறு, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறும். அப்படிப்பட்ட விலங்கை ஓர் அறையில் தனியாக அடைத்து, தானியம் போன்ற அடர்தீவனத்தை இரண்டு வேளை கொட்டினால் சில நிமிடங்களில் தின்று முடித்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் அந்த வாய் என்ன செய்யும்?

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 225 இளங்குதிரைகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பால்குடி மறந்தபின் அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளில் இந்தக் கவ்வும் பழக்கம் தொடங்கும் வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. பழக்கம் தொடங்கிய இடைநிலை வயது 20 வாரம். 20 வாரக் குட்டி என்ன குற்றம் செய்துவிட முடியும்? அதற்கு முன் 1995-இல் பந்தயக் குதிரைகளை வைத்துச் செய்த கணக்கெடுப்பில், நாளுக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாக உலர்புல் போன்ற நார்த்தீவனம் கிடைத்த இடங்களில் இத்தகைய நடத்தைகள் கூடுதலாக இருந்தன. தலையை வீசி ஆடும் குதிரைக்குப் பக்கத்துக் குதிரை தெரியும்படி சன்னல் திறந்துவிட்டால் ஆட்டம் குறைகிறது. சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினாலே குறைகிறது! அதற்குக் கூட்டு வேண்டும், அவ்வளவுதான்.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. குற்றம் என்று பெயர் வைத்தால் கை தானாகத் தண்டனையைத் தேடிப் போகும். கவ்வும் குதிரைக்குக் கழுத்துப் பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள். ஆடும் குதிரையின் கதவில் கம்பி வைக்கிறார்கள். கம்பி வைத்தால் குதிரை ஓர் அடி பின்னால் போய் நின்று ஆடுகிறது. பட்டையைக் கழற்றினால் முன்பைவிட அதிகமாகக் கவ்வுவதும் உண்டு. பழக்கத்தைத் தடுத்தோமே தவிர, அது வந்த காரணம் அப்படியே இருக்கிறது. ஆகவே ‘குற்றம்’, ‘கெட்ட பழக்கம்’ இரண்டும் பதிவில் இடம்பெறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘ஒரேமாதிரி நடத்தை’ என்றால் எல்லாக் குதிரைகளும் ஒரேமாதிரி நடக்கின்றன என்று தோன்றும். சமூகவியலாரும் வேறு பொருளில் அதன் பக்கத்துச் சொற்களைப் புழங்குகிறார்கள். மூலச்சொல் அச்சுத் தொழிலிலிருந்து வந்தது என்பதால் ‘வார்ப்பு’ என்றும் யோசித்தேன். ஆனால் ‘வார்ப்புரு’ கணினிக்குப் போய்விட்டது. ‘மீள்நடத்தை’யில் சிக்கல் இன்னும் பெரிது. மீள்வது என்றால் நமக்கு நோயிலிருந்து தேறுவதும்தானே? நேர்மாறான பொருள் வந்துவிடும்.

என் பரிந்துரை ‘ஒருதட நடத்தை’. ஒரே தடத்தில் ஓடி, அந்தத் தடத்தை ஆழமாக்கிக்கொண்டே போகும் நடத்தை. வைக்கோலில் பார்த்த அந்த வட்டம்தான் மனதில் இருந்தது. தடம் என்றதும் இன்னொன்றும் அடங்கிவிடுகிறது: நன்கு ஊறிப்போன குதிரையைப் புல்வெளிக்கு மாற்றினாலும் பழக்கம் முழுதாகப் போவதில்லை, குறையலாம். காரணம் நீங்கிய பிறகும் தடம் கிடக்கும். யார்மீதும் பழி சொல்லாத சொல்லும்கூட. குதிரைக்கு மட்டுமல்லாமல் சங்கிலியில் நின்று ஆடும் யானைக்கும், கூண்டுக்குள் நடைபோடும் புலிக்கும் பொருந்தும். கட்டிய யானை ஆடுவதை அதன் இயல்பு என்றே நினைத்துவிட்டோம் அல்லவா?

அன்புடன்.

மறுமொழி:

ஐயா, குற்றம் வேண்டாம் என்பதில் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் ‘ஒருதட நடத்தை’யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஒரு தடவை’ என்று காதில் விழுகிறது. ஆயிரம் முறை நடப்பதற்கு ஒரு முறை என்று பெயர் வைத்த மாதிரி ஆகிவிடும். மாணவர்கள் கட்டாயம் குழம்புவார்கள். ‘தடம்’ இருக்கட்டும், ‘ஒரு’ வேண்டாம். ‘தடம்பதி நடத்தை’ என்றால் என்ன? அப்புறம், உட்பிரிவுகளுக்கும் பெயர் வேண்டுமே. ஆடுவதை ஆங்கிலத்தில் நெசவு என்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி:

அம்மா, எத்தனையோ முறை எழுதிப் பார்த்தும் அது என் காதில் விழவில்லை. நன்றி. ‘தடம்பதி நடத்தை’ என்னுடையதைவிட நல்ல சொல். தடம் பதிய நாளாகும், பதிந்தால் எளிதில் அழியாது என்ற இரண்டையும் அதுவே சொல்லிவிடுகிறது. என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

நெசவு வேண்டாம். தமிழில் அதைக் கேட்டால் துணிதான் நினைவுக்கு வரும், குதிரை வராது. ‘நின்றசைவு’ போதும். அறைக்குள் சுற்றுவதற்கு ‘அறைச்சுற்று’. கதவு விளிம்பைப் பிடிப்பதை ‘மரம் கடித்தல்’ என்று முன்பு ஒரு மடலில் பார்த்தேன். அது வேறு. மரத்தைக் கொறித்துத் தின்னும் குதிரைகளும் உண்டு, அதைத் தனியாகக் ‘கொறித்தல்’ என்போம். இது கடிப்பதே இல்லை, பிடித்துக்கொள்கிறது. ‘விளிம்புகவ்வல்’ சரியாக இருக்கும். எதையும் கவ்வாமலே கழுத்தை வளைத்துக் காற்றை இழுக்கும் குதிரைக்குக் ‘காற்றிழுப்பு’. ‘காற்று விழுங்கல்’ என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், பெரும்பாலான காற்று உணவுக்குழாயின் மேல்பகுதியோடு நின்று திரும்பிவிடுவது தெரிந்திருக்கிறது, வயிற்றுக்குப் போவது மிகக் குறைவு.

‘நின்றசைவு’ சரிதானா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. குதிரைகளோடு புழங்குகிறவர்கள் யாராவது இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.