கடைப் பேரில் வரும் சிந்தெடிக் ஆயில்: போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

தக்கலை வேகன்ஆர்:

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்கு ஆயில் ஃபில்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் தன் கடைப் பேரையே லேபிளில் அடித்த 5டபிள்யூ-30 கிரேடு இன்ஜின் ஆயில் கேன் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, “ஃபுல்லி சிந்தெடிக், பெரிய கம்பெனி விலையில் பாதிதான், நிறைய பேர் கொண்டு போறாங்க” என்றார். என் வண்டி பழைய பெட்ரோல் வேகன்ஆர். வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஃபில்டரை மட்டும் வாங்கி வந்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறவனுக்கு அந்த மிச்சம் பெரிய காசில்லை. ஆனாலும் நான் இத்தனை நாள் கொடுத்தது ஆயிலுக்கா, பேருக்கா என்று தெரிந்துகொள்ள ஆசை. உண்மையிலேயே இப்படிப்பட்ட ஆயிலை ஊற்றி ஓட்டியவர்கள் எழுதுங்கள். “பிராண்டுன்னா பிராண்டுதான்” என்று மட்டும் சொல்ல வருபவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

கருங்கல், இப்போது ஹூஸ்டன்:

அமெரிக்கா வந்த நாளிலிருந்து எனக்குக் கடை ஆயில்தான். காஸ்ட்கோவில் கிர்க்லாண்ட் என்ற பேரில் ஐந்து குவார்ட் கேன் இரண்டை ஒரே பெட்டியில் வைத்து விற்பார்கள். ஒரு கேன் ஏறக்குறைய 4.7 லிட்டர். வால்மார்ட்டில் சூப்பர் டெக். என்னுடைய டொயோட்டாவில் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறேன். ஒருமுறை பெரிய கம்பெனி ஆயிலையும் கடை ஆயிலையும் ஓட்டி முடித்தபின் லேபுக்கு அனுப்பிச் சோதித்தேன். தேய்ந்து கலக்கிற இரும்பு, அலுமினியம் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. காஸ்ட்கோவுக்கு என்ன சுத்திகரிப்பு ஆலையா இருக்கிறது? கிர்க்லாண்டைச் செய்து கொடுப்பது வாரன் என்கிற பிளெண்டிங் கம்பெனி, அதாவது ஆயில் கலந்து கொடுப்பவர்கள். அடிப்படை எண்ணெயான பேஸ் ஆயில் எங்கோ ஒரு ரிஃபைனரியிலிருந்து வரும். அதில் கலக்கும் அடிட்டிவ் என்ற சேர்மானம் உலகம் முழுக்கப் பெரும்பாலும் நாலே கம்பெனிகளிடமிருந்து வரும்: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், ஷெவ்ரான் ஓரோனைட். பெரிய பேர் உள்ளவர்களும் அந்தக் கதவைத்தான் தட்டவேண்டும்.

“ஃபுல்லி சிந்தெடிக்” என்ற சொல்லைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து நன்றாகப் பக்குவப்படுத்திய குரூப் 3 என்ற வகை ஆயிலை காஸ்ட்ரால் சிந்தெடிக் என்று விற்றது. போட்டிக் கம்பெனியான மொபில் சண்டைக்குப் போனது. விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் முடிவு சொன்னது. அப்புறம் எல்லாரும் அதே வழிதான். ஜெர்மனியில் இன்றும் அப்படி எழுத விடமாட்டார்கள்.

ஆனால் இங்கேயே மோசமான கடை ஆயிலும் உண்டு. ஒரு மலிவு விலைக் கடைச் சங்கிலி தன் பேரில் விற்ற ஆயிலின் பின்பக்கத்தில், 1988-க்குப் பிறகு வந்த பெட்ரோல் இன்ஜின்களுக்கு இது ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. வைத்திருந்ததோ நல்ல ஆயில்களுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில். வழக்காகி, நஷ்டஈடு கொடுத்து முடித்தார்கள். கடைப் பேர் என்பதற்காக நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. கேனின் பின்பக்கம் என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:

ஹூஸ்டன் தம்பி சொன்னது சரி. ஆனால் அங்கே பின்பக்கத்தில் எழுதினால் எழுதினபடி இருக்கும். இங்கே கதை வேறு, பார்த்துக்கிடுங்க.

கேனை எடுத்தால் முன்பக்கம் பார்க்காதீங்க, அது ஆர்ட்டிஸ்ட் வேலை. திருப்பிப் பாருங்க. முதலில் கிரேடு, உங்க வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே எண் இருக்கணும். அடுத்தது ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம், வைத்த தர வகுப்பு. 2010-ல் வந்தது எஸ்என், 2020-ல் வந்தது எஸ்பி. பெட்ரோல் வண்டிக்குப் புதிய எழுத்து பழையதற்கும் பொருந்தும். எஸ்பி-யில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த ஓட்டத்தில் முன்கூட்டியே வெடிக்கிற கோளாறுக்கும் தனியாகச் சோதனை உண்டு. வட்ட முத்திரை போட்டிருந்தால் அவர்கள் ஏபிஐ-யிடம் லைசென்ஸ் வாங்கியிருக்கவேண்டும். அந்தப் பட்டியல் ஏபிஐ வலைத்தளத்தில் கிடக்கு, ஃபோனிலேயே தேடலாம். “எஸ்பி தரத்துக்கு இணையானது” என்று எழுதியிருந்தால் அது அவர்கள் வாய்ச்சொல் மட்டும்தான்.

மூன்றாவது, யார் செய்தது. பொட்டலத்தில் விற்கும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் பேரும் முகவரியும், தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கணும் என்று சட்டமே இருக்கு. கடைக்காரர் பேர் மட்டும் இருந்து, செய்தவர் யாரென்று இல்லையென்றால் கேனைக் கீழே வைத்துவிட்டு வாங்க.

இப்போ என் கண்ணால் பார்த்த ரெண்டு கேன். ஒருவர் ஒரு கடைப் பேர் ஆயிலைக் கையோடு கொண்டு வந்தார். பின்னால் “ஏபிஐ கிரேடு” என்று மட்டும் இருந்தது. என்ன கிரேடு? எழுத்தே இல்லை. பெட்ரோல், டீசல், கேஸ் எல்லா வண்டிக்கும் ஏற்றதாம். ஊத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்மேல் கோபம். இன்னொரு கடையின் ஆயில் ஒன்று இருக்கு. அதில் பிளெண்டிங் ஆலை முகவரி இருந்தது, லைசென்ஸ் பட்டியலில் பேரும் இருந்தது. அதைத் தொடர்ந்து போட்ட ஒரு ஸ்விஃப்டை கேஸ்கெட் வேலைக்காகத் திறந்தேன். டாப்பெட் கவருக்குக் கீழே உலோகம் பளிச்சென்று தெரிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே காலத்தில் இன்னொரு வண்டியைத் திறந்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக் கிடக்கு. அந்தக் கார்க்காரர் ஊத்தினது கடை ஆயில் இல்லை, டி.வி.யில் விளம்பரம் வருகிற கம்பெனிக் கேன். பில் இல்லாமல், பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள் என்று வாங்கினது. கேன் அவர் வீட்டு ஷெட்டில் இருந்தது, எடுத்து வரச் சொன்னேன். மூடிக்குக் கீழே உள்ள வளையம் அறுபட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. வாய் விளிம்பில் ஃபாயில் சீல் சூட்டில் ஒட்டின தடம் ரெண்டு வட்டமாக, ஒன்றுக்கொன்று விலகி இருந்தது. கேனிலும் மூடியிலும் அச்சான பேட்ச் எண் வேறு வேறு. யாரோ காலிக் கேனை நிரப்பியிருக்கிறார்கள்.

அதனால்தான் எங்கள் ஷாப்பில் ஆயில் ஊத்தின கையோடு கேனில் ஸ்க்ரூடிரைவரால் ரெண்டு ஓட்டை. பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனுக்கு இது பிடிக்காது, ஸ்டிக்கர் கிழியாத மூடியோடு கூடின கேனுக்கு அவன் கூடுதல் காசு தருவான். ஏன் தருகிறான் என்று யோசிச்சால் மீதி விளங்கும். நீங்கள் எங்கே ஆயில் மாற்றினாலும் காலிக் கேனைக் கேட்டு வாங்கி ஓட்டை போட்டுவிடுங்க. பழைய ஆயிலை மட்டும் செண்ட்ரிங் பலகைக்குப் பூச யாராவது கேட்டு வருவார்கள், அது அவர்கள் பாடு.

வடசேரி டீச்சர்:

வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்கு. என் ஆல்டோ அதைத் தாண்டி எங்கும் போவதில்லை. இன்ஜின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளையாகப் பசை. பயந்து போனேன். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஒருவர் பெரிய தொகை சொன்னார். இன்னொருவர் கூலன்ட் அளவைப் பார்த்து, குறையவில்லை, இது வெறும் ஈரப்பசை, வாரம் ஒருமுறை அஞ்சுகிராமம் வரை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வாங்க என்றார். அப்புறம் பசை போய்விட்டது. எனக்கும் கடைப் பேர் ஆயில்தான், எஸ்என் என்று போட்டது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். எந்தக் குறையும் இதுவரை இல்லை.

குலசேகரம் டாக்சி:

டீச்சருக்கு வருஷத்துக்கு ஒரு ஆயில், எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒன்று. திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரிதான் அதிகம், வண்டி பிஎஸ்4 டீசல் டிசையர். எனக்கு ஒரு கேனில் மிச்சமாகும் காசு பெரிய காசு. அதனால் கடை ஆயில் போட்டேன். வண்டி இழுவையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த மாற்றத்துக்கு முன்னாலேயே டிப் ஸ்டிக்கில் ஆயில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. முன்பு அப்படி வந்ததில்லை. இடையில் அரை லிட்டர் ஊத்தணும். அந்தக் காசைக் கூட்டினால் மிச்சம் எங்கே? பெட்ரோல் பங்குக்குப் போய் சர்வோ ஆயில் வாங்கினேன், இறக்கம் நின்றது.

ஒன்று தோணுது. நம்ம ஊரில் நம்பி வாங்கக்கூடிய கடைப் பிராண்டு என்றால் அது பங்க் ஆயில்தான். இந்தியன் ஆயில் பங்கில் சர்வோ, பாரத் பெட்ரோலியம் பங்கில் மேக், ஹெச்பி பங்கில் அவர்கள் ஆயில். செய்கிறவனும் விற்கிறவனும் ஒரே ஆள். சினிமா நடிகர் விளம்பரம் இல்லாததால் யாரும் மதிப்பதில்லை.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:

ஆயில் குறைந்ததற்கு அந்த ஆயில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், டர்போ சீலும் கசியும். ஆனால் ஆயிலை மாற்றினதும் நின்றதென்றால் சந்தேகப்படலாம். சூட்டில் ஆவியாகிற ஆயில் அது. ஏபிஐ எஸ்பி-யில் அந்த ஆவியாகும் அளவு 15 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது, ஐரோப்பியக் கார் கம்பெனிகள் சங்கமான ஏசிஇஏ வைத்த சி3 தரத்தில் 13. மலிவுக் கேனில் யார் அதை அளந்தார்கள்?

நாகர்கோவில் டீசல்:

என்னுடையது பிஎஸ்6 டீசல், புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டரான டிபிஎஃப் உள்ள வண்டி. இன்னும் வாரன்டி இருக்கிறது. கடை ஆயில் ஊற்றலாமா?

கருங்கல், இப்போது ஹூஸ்டன்:

இங்கே 1975-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. எங்கள் பிராண்டு ஆயில்தான் ஊற்றணும், இல்லையென்றால் வாரன்டி கிடையாது என்று கார் கம்பெனி சொல்ல முடியாது, அப்படிச் சொன்னால் ஆயிலை அவனே இலவசமாகத் தரணும். நாகர்கோவிலில் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் நின்று இந்த வாதத்தைப் பேசிப் பாருங்கள், ஜாப் கார்டு போடுகிற பையன் சிரிப்பான்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:

டிபிஎஃப் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம் சார். உங்கள் புத்தகத்தில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று இருக்கும். ஆயில் எரிந்தால் மிஞ்சுகிற சாம்பல் அதில் 0.8 சதவீதத்துக்குள். ஏ3/பி4 என்று வருகிற ஆயிலில் 1.6 வரை போகலாம். ரெண்டும் 5டபிள்யூ-30 தான், ரெண்டும் சிந்தெடிக்தான். கரியை டிபிஎஃப் தானே எரித்துக்கொள்ளும், சாம்பலை எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கி அடைக்கும். டிபிஎஃப் மாற்றும் விலைக்கு எத்தனை கேன் ஆயில் வாங்கலாம் என்று சர்வீஸ் சென்டரில் ஒருதரம் கேட்டுப் பாருங்க. வாரன்டி முடியும் வரை அங்கேயே மாற்றி பில்லைப் பத்திரமாக வையுங்க. அப்புறமும் கேனில் சி2, சி3 என்று எழுத்தாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்க.

தக்கலைக்காரருக்கு: உங்க வேகன்ஆருக்குத் தாராளமாகக் கடை ஆயில் போடலாம், நான் சொன்ன மூன்றும் அந்தக் கேனில் இருந்தால். கேனின் பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்கிறேன். 0டபிள்யூ போடவா 5டபிள்யூ போடவா என்று குழம்பவும் வேண்டாம். அந்த முன் எண் மைனஸ் 30, 35 டிகிரிக் குளிரில் ஸ்டார்ட் ஆவதைச் சொல்வது. பேச்சிப்பாறையில்கூட அவ்வளவு குளிராது.

குளச்சல்:

கடலோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நல்ல ஆயிலாகப் போடணுமா? உப்புக்காற்றுக்கு?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:

உப்புக்காற்று ஆயிலை ஒன்றும் செய்யாது மக்கா, அது சம்பைத்தான், இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டியைத்தான் தின்னும். இரும்புத் தகட்டுச் சம்ப் உள்ள வண்டி என்றால் டிரெயின் போல்ட்டைச் சுற்றி துரு பொரிந்து வரும். முட்டத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் விரலால் தட்டினதும் சில்லு பெயர்ந்தது. ஒவ்வொரு ஆயில் சேஞ்சிலும் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்க. டிரெயின் போல்ட் வாஷரையும் கூடவே மாற்றுங்க, பத்து இருபது ரூபாய் சாமான். அளவு தெரியாவிட்டால் பழையதைக் கையோடு கொண்டு போனால் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் எடுத்துத் தருவார்கள்.