போரிங் வெந்நீரூற்றுப் பக்கம் இரண்டு இரவு கூடாரம்: என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஈசூன்வாசி கேட்டது:

மார்ச் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போகிறோம். கோத்தா கினபாலுவில் இறங்கி, போரிங் வெந்நீரூற்றை ஒட்டிய முகாம் தளத்தில் இரண்டு இரவு தங்க எண்ணம். நாங்கள் இருவர், 7 வயதுப் பையன், என் அம்மா (ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்). இதுவரை பாசிர் ரிஸ் பூங்காவில் மட்டும்தான் கூடாரம் அடித்துப் பழக்கம். கேஸ் அடுப்பை விமானத்தில் ஏற்றலாமா? மலை என்கிறார்களே, கனமான தூக்கப்பை வேண்டுமா? இங்கே செம்பவாங் வெந்நீரூற்றில் மாதிரி முட்டை வேகவைக்க முடியுமா? கடைசிக் கேள்வி பையனுடையது.

கூடாரக்காரன்:

முதலில் குளிர். கினபாலு பூங்காவின் தலைமையகம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் 15 டிகிரி வரை இறங்கும். போரிங் அதே பூங்காவுக்குள்தான், ஆனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி, 500 மீட்டர் உயரத்தில். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் ஆட்கள் கனமான தூக்கப்பையைச் சுமந்து வந்து வியர்த்துக் கிடக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மெல்லிய போர்வை, அடியில் பாய் போதும்.

கேஸ் குப்பி கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. அடுப்பை மட்டும் கொண்டுபோகலாம் என்றாலும், பழைய அடுப்பில் கேஸ் வாடை இருந்தால் நிறுத்திவிடுவார்கள். கழுவித் துடைத்து, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம், நீளமான பியூட்டேன் குப்பி போடும் அடுப்பாகப் பார்த்து எடுங்கள். அந்தக் குப்பி கோத்தா கினபாலு பேரங்காடிகளில் சுலபமாகக் கிடைக்கும். திருகிப் பொருத்தும் மலையேற்றக் குப்பியைத் தேடி அலைந்தால் அரை நாள் போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 15 முதல் 20 கிராம் கேஸ் ஆகும், காற்றடித்தால் இன்னும் கூடும். நான்கு பேருக்கு இரண்டு நாள் சோறு, தேநீர் என்றால் 220 கிராம் குப்பி மூன்று வாங்குங்கள். காய்கறியை இங்கிருந்து சுமக்காதீர்கள். வழியில் குண்டாசாங் சாலையோரக் கடைகளில் முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் மலையிலிருந்து இறக்கியது அப்படியே கிடைக்கும்.

மார்ச்சைத் தேர்ந்தெடுத்தது நல்லது. ஆண்டிறுதி விடுமுறையைவிட மழை குறைவு. குறைவுதான், இல்லாமல் போகாது.

கொலுசுக்காரி:

பேரைக் கேட்டு பையன் முகம் சுளித்தால் சொல்லுங்கள், போரிங் என்பது கடசான்டூசுன் மொழியில் ஒரு வகை மூங்கிலின் பெயர்.

முட்டை விஷயம். செம்பவாங்கில் ஊற்று நீர் 70 டிகிரி. போரிங்கில் 50 முதல் 60 வரைதான், அதனால் அங்கே முட்டை வேகாது, வெதுவெதுப்பாகத்தான் ஆகும். முட்டைக்கு செம்பவாங் போங்கள். அங்கேயும் வேடிக்கை உண்டு: மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகிவிடும், வெள்ளைக்கரு முழுதாக இறுக 80 வேண்டும். அரை மணி நேரம் கழித்து உடைத்தால் உள்ளே மஞ்சள் கெட்டி, வெளியே வெள்ளை கொழகொழ. அடுப்பில் வேகவைப்பதற்கு நேர்மாறு.

போரிங் தொட்டிகளில் வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டும் இருக்கும். நாமே கலந்துகொள்ள வேண்டும். தொட்டி பெரிது, நிரம்ப நேரமாகும், பொறுமை வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். மாற்றித் திறந்தால் பிள்ளைகள் அவசரத்தில் காலை விட்டுச் சுட்டுக்கொள்ளும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையில் போடுங்கள். பெரியவர்களுக்கு 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், பையனுக்கு 37 போதும். ஒரு முறைக்கு 10 நிமிடம், வெளியே வந்து தண்ணீர் குடித்து ஆறிய பிறகு அடுத்தது. யாரும் தலையை முக்க வேண்டாம்: வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகும். அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம்.

அம்மாவுக்கு: வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், மாத்திரையும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் தொட்டியிலிருந்து எழும்போதுதான் தலை சுற்றும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தால் உத்தமம்.

கந்தக நீர் என்பதால் வெள்ளிக் கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். நிமிடங்களில் கறுக்கும். மறந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. விபூதி போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

அட்டைக்கடி:

லங்கானான் அருவி வரை நடக்க ஆசைப்படுவீர்கள். அட்டை நிறைய உள்ள பாதை அது. முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை போடுங்கள். கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அட்டை உறிஞ்சியதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். அதன் மெல்லிய முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அந்த முனையைப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். பிறகு ரத்தம் சற்று நேரம் நிற்காது, அது இயல்பு. அருவி வரை அம்மாவுக்கு வேண்டாம். கிப்புங்கிட் அருவி பக்கத்திலேயே இருக்கிறது.

அட்டையைவிடக் கொசுவுக்குப் பயப்படுங்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா சபாவில் உண்டு. அந்தி நேரத்தில் முழுக்கை, கொசுவிரட்டி. திரும்பி மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "சபா காட்டில் தங்கினோம்" என்று மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். இங்கே எல்லாரும் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்கள்.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் கூடாரம் 4 பேருக்கானது, மூன்று வருடமாக வீட்டுப் பாதுகாப்பறையில் (bomb shelter) கிடக்கிறது. மேலே தார்ப்பாய் கட்டினால் மழைக்குப் போதுமா?

கூடாரக்காரன்:

தார்ப்பாய்க்கு முன் கூடாரத்தையே சோதியுங்கள். காற்றோட்டமில்லாத பாதுகாப்பறையில் மூன்று வருடம் என்றால் உட்புறப் பூச்சு பிசுபிசுத்திருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டினாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்தத் துணி ஒழுகும், புதிது வாங்குங்கள். நன்றாக இருந்தால் பாசிர் ரிஸில் அனுமதி எடுத்து ஓர் இரவு அடித்து, தையல்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

தார்ப்பாயை 3க்கு 4 மீட்டராக எடுத்து, ஒரு பக்கம் நன்றாகத் தாழ்த்திக் கட்டுங்கள். நடுவில் தொய்ந்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றாலே 10 கிலோ. கயிறு அல்லது முளை பிடுங்கிக்கொள்ளும். கயிறு வழியாகவும் மழைநீர் ஓடி வரும். கூடாரத்துக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு துணித்துண்டை முடிந்துவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். தரைவிரிப்பு கூடாரத்தின் அடிப்பகுதியைவிடச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையைப் பிடித்து உங்கள் முதுகுக்கடியில் சேர்த்துவிடும். கூடாரம் போடுமுன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை, துரியான், தேங்காய் எதற்கும் நேர் கீழே வேண்டாம்.

திரும்பி வந்த அன்றே பிரித்துக் காயப்போடுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழியே போதும், கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.